பார்த்தேன், பார்த்துவிட்டேன், பார்த்துக்கொள்கிறேன்: தானியங்கி எச்சரிக்கை அழைப்புகளுக்குத் தொலைபேசிவழி மறுமொழி

1. களமும் சிக்கலும்

திருவனந்தபுரத்தின் கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த இராஜா கேசவதாசன் காலத்தில் உருப்பெற்றது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைப் பகுதியிலிருந்தும் வந்த வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திவருவதால் இத்தெருவில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. 2021இல் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் இத்தெருவில் கடை வைத்திருந்தவர். அவர்தம் கதைகள் பலவற்றின் களமும் இதுவே. ஒரே வாக்கியத்தில் இரு மொழியும் கலந்து வரும் இவ்விடத்தில், ஒரு சொல் எம்மொழிக்குரியது என்பது பேசுவோர்க்குப் பெரும்பாலும் சிக்கலாகத் தோன்றுவதில்லை. ஐயம் எழுந்தால் எதிரே நிற்பவரைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பேசுவது மனிதராக இல்லாமல் இயந்திரமாக இருக்கும்போது அந்த வாய்ப்பு இல்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய கடைகளும் குறுகிய சந்துகளும் கொண்ட இத்தகைய கடைத்தெருவில் ஒரு மளிகைக் கிடங்கு உள்ளது எனக் கொள்க. இரவு இரண்டு மணி. கிடங்கில் புகை எழுகிறது. புகையை அறியும் கருவி, தொலைவில் உறங்கும் உரிமையாளரின் தொலைபேசியை அழைக்கிறது. பதிவுசெய்யப்பட்ட குரலில் செய்தியைச் சொல்லிவிட்டு, ‘எச்சரிக்கையை ஒப்புக்கொள்ள ஒன்றை அழுத்தவும்’ என்கிறது. உரிமையாளர் ஒன்றை அழுத்துகிறார். அவர் அப்பொழுது சொன்னது என்ன? ‘கேட்டேன்’ என்பதா, ‘புறப்படுகிறேன்’ என்பதா, ‘ஒலியை நிறுத்து’ என்பதா? கருவியைச் செய்தவர் இவற்றுள் ஒன்றை மனத்திற்கொண்டிருப்பார். அழுத்தியவர் வேறொன்றை எண்ணியிருக்கக்கூடும். இவ்விடைவெளியில் மொழிபெயர்ப்பாளரின் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. அழைப்பின் செயல்முறை

இத்தகைய கருவியில் அழைக்கப்பட வேண்டிய எண்கள் வரிசையாகப் பதிந்துவைக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணுக்கு உரியவர் குறிப்பிட்ட பொத்தானை அழுத்தினால் கருவி அழைப்பதை நிறுத்திக்கொள்ளும். அழுத்தாவிட்டால் இரண்டாம் எண்ணையும் பின்னர் மூன்றாம் எண்ணையும் அழைக்கும். பட்டியல் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நீரேற்று நிலையங்கள், குளிர்பதனக் கிடங்குகள், ஆளில்லாத மின் நிலையங்கள் ஆகியவற்றுக்காக இம்முறை உருவாயிற்று. இந்தியாவில் இதன் உறவினங்கள் பல. 2015இல் தொடங்கிய ‘ஈவின்’ திட்டத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 பாகை செல்சியசு என்னும் வரம்பைத் தாண்டினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி செல்கிறது. உழவர்களின் பம்புசெட்டுகளில் பொருத்தப்படும் கைப்பேசி ஸ்டார்ட்டர்கள், மும்முனை மின்சாரம் வந்ததையோ மோட்டார் நின்றதையோ அழைத்துச் சொல்கின்றன.

அழைப்பை எடுத்ததே போதாதா, பொத்தான் எதற்கு என்ற கேள்வி எழலாம். மின்னணு இணைப்பகங்கள் வந்த காலத்தில் தொலைபேசித் துறை அளித்த காலை விழிப்பு அழைப்பை நினைவிற்கொள்வோர் இதற்கு விடை கூறுவர். குறித்த நேரத்தில் மணி அடிக்கும். ரிசீவரை எடுத்தால் அழைப்பு முடிந்தது. எடுத்துவைத்துவிட்டு மீண்டும் உறங்கியோர் உண்டு. இணைப்பகத்தைப் பொறுத்தவரை அவர்கள் விழித்தவர்களே. இன்று நிலைமை மேலும் சிக்கலானது. அழைப்பை ஒரு குழந்தை எடுக்கலாம். குரலஞ்சல் இயந்திரமே எடுக்கலாம். இயந்திரத்திடம் இயந்திரம் பேசி முடித்துவிட்டுப் பணி நிறைவேறியதாகக் கருதும் நிலை நகைப்புக்குரியதாயினும் கிடங்கு எரிவது உண்மை. எனவே மனிதர் ஒருவர் கேட்டதற்குச் சான்றாகப் பொத்தான் அழுத்துவது வேண்டப்படுகிறது.

இதற்கு வழிசெய்தது 1963இல் அமெரிக்காவில் அறிமுகமான பொத்தான் தொலைபேசி ஆகும். ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை எழுப்பும். ‘1’ என்பதற்கு 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். பேச்சுக்குரல் தற்செயலாக இவ்விணையை எழுப்புவது அரிது. மேலும் இச்சுருதிகள் குரல் செல்லும் பாதையிலேயே மறுமுனை வரை செல்கின்றன. டயல் சுழற்றும் பழைய தொலைபேசியின் துடிப்புகளோ உள்ளூர் இணைப்பகத்தோடு நின்றுவிடும். ஆதலின் அக்காலத்தில் தொலைவிலுள்ள கருவி ஒன்றுக்குப் பொத்தான்வழி மறுமொழி தருவது இயலாததாக இருந்தது.

இங்கு மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. முதலாமவர் அழுத்தும் ஒரு பொத்தான், பட்டியலில் உள்ள மற்றெல்லாரையும் உறங்கவிடுகிறது. அவர் ‘கேட்டேன்’ என்ற பொருளில் மட்டும் அழுத்திவிட்டுத் திரும்பிப் படுத்தால் கிடங்குக்கு அருகில் வாழும் இரண்டாமவருக்குச் செய்தியே போகாது.

3. சொல் தேடல்

ஆங்கிலத்தில் இச்செயலைக் குறிக்கும் வினை ‘அக்னாலெட்ஜ்’ என்பது. கடிதம் கிடைத்ததைத் தெரிவித்தல், உண்மையை மறுக்காதிருத்தல், ஒருவரது உதவியை நன்றியுடன் குறிப்பிடுதல் ஆகிய பொருள்களோடு பொறியியலில் அதற்கு ஒரு தனிப்பொருளும் ஏற்பட்டுள்ளது. எச்சரிக்கை மேலாண்மைக்கென 2009இல் வெளிவந்த அமெரிக்கத் தர ஆவணமான ஐ.எஸ்.ஏ. 18.2, 2014இல் வெளிவந்த பன்னாட்டுத் தர ஆவணமான ஐ.இ.சி. 62682 ஆகியவை எச்சரிக்கையின் நிலைகளை வேறுபடுத்திக் காட்டுகின்றன. ஒருவர் எச்சரிக்கையைக் கண்டுகொண்டமை வேறு. எச்சரிக்கைக்குக் காரணமான நிலை நீங்கியமை வேறு. எச்சரிக்கையைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்தல் வேறு. முதலாவது மனிதரைப் பற்றியது. இரண்டாவது பொருளைப் பற்றியது. காரணம் தானே நீங்கிய பின்னும் எவரும் கண்டுகொள்ளாத எச்சரிக்கை என ஒரு நிலையும் உண்டு.

தமிழில் இதற்குப் பொதுவாக முன்வைக்கப்படும் சொற்களை நோக்குக.

‘ஒப்புக்கொள்’ என்பதே அகராதி வழியாக முதலில் கிடைப்பது. ஆனால் இன்றைய வழக்கில் இது இசைதலையும் குற்றத்தையோ தவற்றையோ மறுக்காமல் ஏற்பதையும் குறிக்கிறது. செய்தித்தாள்களில் இதன் எழுவாய் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவரே. நள்ளிரவில் ‘ஒப்புக்கொள்ள ஒன்றை அழுத்தவும்’ எனக் கேட்பவர், எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள், இதனால் ஏதேனும் பொறுப்போ செலவோ தம் தலையில் விழுமோ எனத் தயங்குவது இயல்பு.

‘ஒப்புகை’ என்னும் பெயர் வேறு வழியில் சென்றுள்ளது. பதிவு அஞ்சலின் ஒப்புகை அட்டை பழைய வழக்கு. வாக்குப்பதிவு இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட கருவி அச்சிடும் தாளை இதழ்கள் ‘ஒப்புகைச் சீட்டு’ என்கின்றன. இரண்டிலும் பொருள் ‘வந்து சேர்ந்தது’, ‘பதிவாயிற்று’ என்பதே. அஞ்சலைப் பெற்றவர் அதைப் பிரித்துப் படித்தாரா என்பது அட்டைக்குத் தெரியாது. எச்சரிக்கைக்கு இப்பொருள் போதாது.

‘ஏற்றுக்கொள்’ ஒரு படி மேல். எனினும் ‘எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன்’ என்றால் எச்சரிக்கை உண்மையானது என நம்புவதாகப் பொருள்படும். போலி எச்சரிக்கையோ என ஐயுறுபவர் அழுத்தாமல் இருந்துவிடுவார். ஐயுறுபவரும் அழுத்திவிட்டுச் சென்று பார்க்க வேண்டும் என்பதன்றோ முறைமை. ‘உறுதிசெய்’ என்பதிலும் இதே குறை இன்னும் மிகுதியாக உண்டு. வீட்டில் படுத்திருப்பவர் கிடங்கில் புகை இருப்பதை எவ்வாறு உறுதிசெய்ய இயலும்?

‘சரி’ என்பது கணிப்பொறித் திரைகளின் வழியே பரவிய சொல். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கைப்பேசிகளுக்கு அனுப்பப்பட்ட அவசர எச்சரிக்கைச் சோதனைச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். பெருத்த ஒலியுடன் வந்த அச்செய்தியை விலக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியவர்களுள் பெரும்பாலோர் விரும்பியது ஒலி நிற்பதை மட்டுமே எனலாம். ‘சரி’ என்னும் இடைச்சொல் உடன்பாட்டையும், பேச்சை முடித்துக்கொள்ளும் விருப்பத்தையும், ‘போதும்’ என்னும் சலிப்பையும் ஒருங்கே உணர்த்த வல்லது. தொனியே பொருளைத் தீர்மானிக்கிறது. பொத்தானுக்குத் தொனி இல்லை.

4. மலையாளத்தின் அண்மை

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. தனியார் கடையில் பொருத்தப்படும் கருவியின் குரலை அச்சட்டம் எட்டாது. விற்பவர் எம்மொழியில் தந்தாரோ அம்மொழியிலேயே கருவி பேசும். சாலையில் தமிழ்க் காது மலையாளச் செய்தியையும் மலையாளக் காது தமிழ்ச் செய்தியையும் கேட்கும் வாய்ப்பு மிகுதி. தொலைவான இரு மொழிகள் என்றால் புரியவில்லை என்பதாவது புரியும். அண்மை மொழிகளில் புரிந்தது போன்ற மயக்கமே இடர்.

மலையாளத்தில் ‘கைப்பற்றுக’ என்பது பெற்றுக்கொள்ளுதல். ரசீதுகளில் காணும் சொல். தமிழில் ‘கைப்பற்று’ என்பது வலிந்து பிடித்தல். கோட்டையையும் கடத்தல் பொருளையும் கைப்பற்றுவர். ‘முன்னறியிப்பு’ மலையாளத்தில் எச்சரிக்கை. அதன் தமிழ் இணையாகிய ‘முன்னறிவிப்பு’ வானிலை போல இனி வரப்போவதைச் சொல்வது. தீ எரிந்துகொண்டிருக்கும்போது வரும் அழைப்பை ‘முன்னறிவிப்பு’ எனப் பெயர்த்தால், நாளைக்கு என எண்ணிக்கொள்ள இடமுண்டு. ‘அமர்த்துக’ மலையாளத்தில் பொத்தானை அழுத்துவது. தமிழில் ஆளை வேலைக்கு அமர்த்துவது. இவற்றுள் கடைசி இணை தீங்கற்றது. சூழலே பொருளைக் காட்டிவிடும். முதல் இரண்டும் அவ்வாறல்ல.

5. கேட்டலும் பொறுப்பேற்றலும்

தொலைபேசி உரையாடலின் தொடக்கத்தை ஆராய்ந்த ஷெக்லாஃப் (1968), மணியோசையை ஒரு விளி என்றும், எடுத்தவர் சொல்லும் முதற்சொல்லை அவ்விளிக்கான விடை என்றும் கொண்டார். விடை தந்தவர் பேச்சுக்கு ஆயத்தமாக உள்ளார் என்பதற்கு மேல் அதில் பொருள் ஏதுமில்லை. செய்தி அதன் பின்னரே வருகிறது. செய்தியைக் கேட்பவர் இடையிடையே எழுப்பும் ஒலிகளை இங்வே (1970) ‘பின்வழி’ எனப் பெயரிட்டுப் பிரித்தறிந்தார். தமிழ் மரபில் இதற்குப் பெயர் முன்பே உண்டு: ‘உம் கொட்டுதல்’. கதை சொல்லும் பாட்டி, பேரன் உம் கொட்டுவதை நிறுத்தினால் உறங்கிவிட்டான் என அறிவாள். தென் மாவட்ட வில்லுப்பாட்டில் புலவரின் கூற்றுக்குப் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதும் இவ்வகையினதே. உம் கொட்டுபவர் கதையில் வரும் அரசனைக் காப்பாற்றுவதாக வாக்களிப்பதில்லை.

கிளார்க்கும் ஷேஃபரும் (1989) இவ்வொலிகளைப் புரிந்துகொண்டமைக்கான சான்றுகளுள் ஒரு வகையாக வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல் போன்ற வலுவான சான்றுகளிலிருந்து வேறுபடுத்தினர். எச்சரிக்கைப் பொத்தான் உம் கொட்டுதலின் வடிவத்தில் இருக்கிறது. ஆனால் அதனிடம் எதிர்பார்க்கப்படுவது ஆஸ்டினும் ஸேர்லும் விளக்கிய வாக்களிப்புச் செயல். வடிவத்துக்கும் வேலைக்கும் இடையேயுள்ள இப்பொருத்தமின்மையே குழப்பத்துக்கு மூலம் எனத் தோன்றுகிறது.

வான்போக்குவரத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் வகுக்கப்பட்டுள்ளன. ‘ரோஜர்’ என்றால் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது என்பது மட்டுமே. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அவ்வாறே செய்வேன் என்பது. 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃபு விமானநிலைய ஓடுதளத்தில் இரு விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். புறப்படுவதாகக் கொள்ளத்தக்க விமானியின் சொல்லும், அதற்குக் கட்டுப்பாட்டாளர் கூறிய ‘ஓக்கே’ என்ற சொல்லும் அவ்விபத்தின் காரணங்களோடு சேர்த்து ஆராயப்பட்டன. அதன் பின்னர் உரையாடல் வாய்பாடுகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதியைத் திருப்பிச் சொல்வது வலியுறுத்தப்பட்டது.

இந்திய இரயில்வேயில் நிலைய அலுவலரும் கடவுக் காப்பாளரும் தொலைபேசியில் ‘பிரைவேட் நம்பர்’ பரிமாறிக்கொள்ளும் முறை நெடுங்காலமாக உண்டு. காப்பாளர் கதவை மூடிய பின் தம்மிடமுள்ள பட்டியலின் அடுத்த எண்ணைச் சொல்வார். அவ்வெண்ணே மூடியதற்குச் சான்றாகப் பதிவேட்டில் ஏறும். இங்கு எண் ‘கேட்டேன்’ என்பதையன்று, ‘செய்துவிட்டேன்’ என்பதையே குறிக்க வேண்டும். 2025 சூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது தொடர்வண்டி மோதி மாணவர் மூவர் உயிரிழந்தனர். கடவு மூடப்பட்டதாகத் தொலைபேசியில் எண் தரப்பட்டிருந்தும் அது மூடப்படவில்லை என விசாரணை பற்றி வந்த செய்திகள் கூறின. எண்ணைச் சொல்லும் செயல், அது சுட்ட வேண்டிய செயலிலிருந்து பிரிந்து தனியே நிகழ முடியும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

எண்ணிக்கை மிகுதியும் இப்பிரிவை உண்டாக்கும். 1994 சூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்வதற்கு முந்தைய பதினொரு நிமிடங்களில் இரு பணியாளர்கள் முன் 275 எச்சரிக்கைகள் வந்து விழுந்தன. அந்நிலையில் பொத்தானை அழுத்துவது எச்சரிக்கைக்கு மறுமொழி தருவதாகாது, எச்சரிக்கையை விலக்குவதே ஆகும்.

6. துணைவினை தரும் தீர்வு

இதுவரை நோக்கிய சொற்கள் எல்லாம் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஈடான பெயர்ச்சொல்லையோ, ஒரு வினையடிக்கு ஈடான வினையடியையோ தேடியதன் பயன். கலைச்சொல்லாக்கக் குழுக்களின் வழக்கமான வழி அது. ஆனால் இங்கு வேண்டப்படும் பொருள் வேறுபாட்டைத் தமிழ், வினையடியில் அன்றித் துணைவினையில் வைத்திருக்கிறது. இ. அண்ணாமலை 1985இல் திருவனந்தபுரத்துத் திராவிட மொழியியல் கழகத்தின் வழியாக வெளியிட்ட நூலில் இத்துணைவினைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். பின்னும் பலர் ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகள் கலைச்சொல்லாக்கத்தை எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

‘பார்’ என்னும் எளிய வினையை எடுத்துக்கொள்க. ‘பார்த்தேன்’ என்றால் கண்ணில் பட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘பார்த்துவிட்டேன்’ என்றால் செயல் முடிந்தது. ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் பொறுப்பு இனிப் பேசுபவருடையது. மற்றவர் கவலையை விடலாம். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. பொறியியலார் பத்தி பத்தியாக எழுதி வரையறுக்கும் வேறுபாட்டை ‘விடு’, ‘கொள்’ என்னும் இரு துணைவினைகள் தாங்கி நிற்கின்றன. கடையை விட்டுப் புறப்படும் முதலாளியிடம் பணியாள், ‘நீங்க போங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்’ என்று சொன்னால் அதில் கேட்டல், பொறுப்பேற்றல், நிறைவேறாமை ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன.

இவ்வினையின் பிற வடிவங்களைக் கொண்டு தவறான மறுமொழிகளையும் வகைப்படுத்தலாம். ‘பார்க்கிறேன்’ என்பது தமிழ் உரையாடலில் பெரும்பாலும் நாகரிகமான மறுப்பு. கடன் கேட்டவரிடம் ‘பார்க்கிறேன்’ என்றால் அவர் வேறிடம் தேடுவது நல்லது. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது செயல் தொடர்வதைக் காட்டும். கைகட்டி நிற்பதையும் காட்டும். ‘கவனிக்கப்படும்’ என்னும் அலுவலக நடையில் கவனிப்பவர் யார் என்பதே மறைந்துவிடுகிறது. ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்னும் பன்மையில் பொறுப்பு பலர்மேல் பரவி எவர்மேலும் நில்லாமல் போகலாம். தன்மை ஒருமை விகுதியாகிய ‘ஏன்’ இங்கு இலக்கணத் தேவைக்காக மட்டும் வருவதன்று; பட்டியலில் உள்ள பலருள் ஒருவரைத் தனித்து நிறுத்துவது அதுவே.

மலையாளத்தோடு ஒப்பிடும்போது இது மேலும் தெளிவாகும். அம்மொழியில் ‘நோக்கிக்கொள்ளாம்’ என்னும் வடிவம் ஏறத்தாழ இதே பொருளில் வழங்குகிறது. துணைவினையும் அதே ‘கொள்’. ஆயின் மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இட விகுதிகள் இல்லை. ‘ஞான்’ என்னும் எழுவாயைச் சேர்த்தாலன்றிப் பொறுப்பேற்பவர் யார் என்பது வடிவத்தில் வெளிப்படாது. வேறொரு நுட்பமும் உண்டு. மலையாளத்தின் ‘செய்யாம்’ தன்மையில் ‘செய்கிறேன்’ என்னும் வாக்களிப்பு. தமிழின் ‘செய்யலாம்’ வாய்ப்பையோ அனுமதியையோ சொல்வது. ‘நோக்கிக்கொள்ளாம்’ என்பதை உருவொப்புமையால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ எனப் பெயர்த்தால், ‘நான் பொறுப்பு’ என்பது ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை’ என மாறிவிடும். ஒரு விகுதியின் பெயர்ப்பில் தீயணைப்பு விடியும் வரை தள்ளிப்போகும்.

கருவியின் பதிவேட்டுக்குப் பெயர்ச்சொல் தேவை என்பது உண்மையே. அங்கு ‘பொறுப்பேற்பு’ பொருந்தும். செய்தி சென்று சேர்ந்ததை மட்டும் குறிக்க ‘ஒப்புகை’ இருக்கட்டும். ‘பொறுப்பேற்காத எச்சரிக்கை’ என்பதில் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. ‘இதுவரை எவரும் பொறுப்பேற்காத’ என விரிப்பது நலம்.

7. செவிக்கு எழுதுதல்

தொலைபேசி வழியே ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே செல்வது பழைய வழக்கம். இன்றும் பல இணைப்புகள் அவ்வாறே. கேட்பவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவர். எனவே கண்ணுக்கு எழுதும் நடை இங்குப் பயன்படாது.

ஆங்கிலத்தில் ‘ஒன்றை அழுத்தவும்’ என்பது முன்னும் பயன் பின்னும் வருவதுண்டு. கேட்பவர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்பதற்காகக் காத்திருக்க வேண்டும். தமிழின் இயல்பான தொடரமைப்பில் பயன் முன்னும் எண் பின்னும் வருகின்றன. இது தமிழுக்கு வாய்த்த நலம். ஆங்கில மூலத்தின் வரிசையைப் பின்பற்றி ‘ஒன்றை அழுத்தவும், மீண்டும் கேட்க’ எனப் பதிவுசெய்யும் பெயர்ப்பாளர் இருக்கும் நலத்தையும் இழக்கிறார்.

தனித்தனியே பதிவுசெய்த சொற்களைக் கருவி கோத்துச் சொல்லும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ‘அறை’, ‘எண்’, ‘பத்து’ ஆகிய மூன்று பதிவுகளை அடுத்தடுத்து ஒலித்தால் ‘அறை எண் பத்து’ என்பது ‘அறை எண்பது’ எனக் கேட்கிறது. எண்ணிக்கையைக் குறிக்கும் ‘எண்’ என்னும் சொல், எட்டு என்பதன் திரிபாகவும் இருப்பதன் விளைவு இது. ‘எண்பது’, ‘ஒன்பது’ ஆகியவையும் இரைச்சலில் மயங்குவன. ‘பத்தாம் அறை’ என வரிசைப் பெயராகவே பதிவுசெய்துவிட்டால் முதற்சிக்கல் தீரும். வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்களையும் தனித்தனியே பதிவுசெய்வதே நன்று. ‘மூன்று’ என்பதோடு ‘இல்’ என்பதைத் துண்டாக ஒட்டிய ஒலி எவர் காதிலும் தமிழாக விழாது.

8. துண்டிக்கப்படும் அழைப்புகள்

இந்தியத் தொலைபேசி வழக்கில் அழைப்பை எடுக்காமல் துண்டிப்பதும் ஒரு மொழி. ‘மிஸ்டு கால்’ கொடுத்தால் ‘வந்துவிட்டேன்’; வரும் அழைப்பைத் துண்டித்தால் ‘தெரியும், வருகிறேன்’. மனிதரிடையே இது செல்லும். எச்சரிக்கைக் கருவி இதனை விடையின்மையாகவே கொண்டு அடுத்தவரை அழைக்கும். இதனால் தீங்கில்லை, கூடுதலாக ஒருவர் விழிப்பார், அவ்வளவே.

அச்சமே பெரிய தடை. தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படப்போவதாக அச்சுறுத்திப் பொத்தானை அழுத்தச் சொல்லும் மோசடி அழைப்புகள் குறித்துத் தொலைத்தொடர்புத் துறையும் ஒழுங்குமுறை ஆணையமும் 2024இல் மக்களை எச்சரித்தன. பதிவுசெய்த குரல் எதைச் சொன்னாலும் பொத்தானைத் தொடக்கூடாது என்பது இன்று பல வீடுகளில் பிள்ளைகள் பெற்றோர்க்குச் சொல்லும் அறிவுரை. எனவே கருவியின் முதல் தொடரே அது யாருடையது என்பதை ஐயமறச் சொல்ல வேண்டும். கடையின் பெயரை உரிமையாளரின் குரலிலேயே பதிவுசெய்துவைப்பது எளிய வழி. தம் குரலைத் தாமே கேட்பவர் மோசடி என எண்ணமாட்டார்.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு சாலைக் கிடங்கின் செய்தியை இவ்வாறு அமைக்கலாம்: ‘இது உங்கள் கிடங்கிலிருந்து வரும் அழைப்பு. பத்தாம் அறையில் புகை. நீங்களே பார்த்துக்கொள்வதானால் ஒன்றை அழுத்துங்கள். உங்களால் இயலாது, அடுத்தவரை அழைக்க வேண்டும் என்றால் இரண்டை அழுத்துங்கள். மீண்டும் கேட்க மூன்றை அழுத்துங்கள்.’ ‘அழுத்தவும்’ என்பதற்கு மாறாக ‘அழுத்துங்கள்’ என்றமை, எழுத்து நடைக்கும் பேச்சுக்கும் இடையே செவி எளிதில் கொள்ளும் வடிவம் என்பதனால். இரண்டாம் வழியைத் தருவது இன்றியமையாதது. வெளியூரில் இருப்பவர் பழி வராமல் மறுக்க இடமில்லையெனில் ஒன்றையே அழுத்திவிடுவார். ஒன்றை அழுத்தியபின் கருவி வாளாவிருத்தல் கூடாது, ‘நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். வேறு எவருக்கும் இனி அழைப்புப் போகாது’ எனத் திருப்பிச் சொல்ல வேண்டும். பொத்தானின் முழுப் பொருளையும் பலர் அப்பொழுதுதான் உணர்வர்.

குறித்த நேரத்துக்குள் காரணம் நீங்காவிட்டால் கருவி மீண்டும் அழைப்பதாக அமைப்பதும் உண்டு. அவ்விரண்டாம் செய்தியை ‘பத்தாம் அறையில் இன்னும் புகை’ எனத் தமிழில் எழுதுவது இயல்பு. ஆனால் மலையாளத்தில் ‘இன்னும்’ என்பது ‘இன்றைக்கும்’ எனப் பொருள்படுவது. சாலையில் வளர்ந்த மலையாளக் காதுக்கு அது ‘பத்தாம் அறையில் இன்றைக்கும் புகை’ என நாள்தோறும் நடக்கும் ஒன்றைச் சொல்வதாகக் கேட்கக்கூடும். ‘பத்தாம் அறையில் புகை நிற்கவில்லை’ என்பது இரு மொழியினர்க்கும் ஒரே பொருள் தரும்.